“சரி”ன்னு சொல்றதுக்கு முன்னாடி

வணக்கம். ஆபீஸ்ல ஒரு வேலை சொல்றாங்க, நீங்க “சரி”ங்கிறீங்க. அந்த “சரி”க்கு எத்தனை அர்த்தம் பாருங்க. காதுல விழுந்துச்சு, புரிஞ்சுது, ஒத்துக்கிறேன், முடிச்சுடறேன். நீங்க முதல் அர்த்தத்துல சொல்லியிருப்பீங்க. அவர் கடைசி அர்த்தத்தை எடுத்துக்கிட்டுப் போயிருப்பார்.

1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரிஃப் தீவு விமான நிலையத்து ஓடுபாதையில ரெண்டு விமானம் மோதி 583 பேர் இறந்தாங்க. காரணங்கள் பல. அதுல ஒண்ணு, கிளம்பிட்டிருந்த விமானத்துக்குக் கட்டுப்பாட்டு கோபுரத்துல இருந்து வந்த “ஓகே”. அதைத் தொடர்ந்து வந்த “காத்திருங்க, கூப்பிடறேன்” ரேடியோ இரைச்சல்ல அமுங்கிப்போச்சு. இன்னைக்கு முக்கியமான அனுமதிக்கு வெறும் “ஓகே” போதாது, விமானி அதைத் திருப்பிச் சொல்லியே ஆகணும்.

நமக்கும் அதுதான் வேணும். “அந்த ரிப்போர்ட்டை நாளைக்குள்ள கொஞ்சம் சரி பண்ணிடுங்க”ன்னு சொல்றாங்கன்னு வைங்க. “நாளைக்குள்ள”ன்னா காலையில வந்ததும் கையில இருக்கணுமா, சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கா? “கொஞ்சம்”னா எழுத்துப்பிழையா, கணக்கா? அப்படியே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சா இந்தக் குழப்பமும் கூடவே வரும். உங்க வார்த்தையில சொல்லுங்க: “மார்ச் விற்பனை ரிப்போர்ட், மூணாவது டேபிள் கணக்கு மட்டும் திருத்தி, நாளைக்கு மதியம் 12 மணிக்குள்ள உங்களுக்கு அனுப்பறேன், சரியா?” தப்பா இருந்தா அங்கேயே திருத்திடுவார்.

கேக்கும்போது மனசு ஓடும். பேச்சு நிமிஷத்துக்கு 125 வார்த்தை அளவுல வரும், யோசனை அதைவிட ரொம்ப வேகம். அந்த இடைவெளியில பெரும்பாலும் நம்ம பதிலைத்தான் தயார் பண்ணிட்டு இருப்போம். பேனா எடுத்து பேர், எண், தேதி மட்டும் குறிங்க. முழு வாக்கியமா எழுதினா அடுத்த வாக்கியம் போயிடும். போன்ல ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒண்ணாத்தான் கேக்கும், “ஒண்ணு அஞ்சு”ன்னு தனித்தனியா சொல்லிக் கேளுங்க.

ஒருத்தர் கோபமா வந்தா இந்த வரிசை மாறும். எடுத்ததுமே தேதி, கணக்குன்னு கேட்டா குறுக்கு விசாரணை மாதிரி ஆயிடும். “ரெண்டு தடவை சொல்லியும் நடக்கலைங்கிறதுதான் உங்க வருத்தம், இல்லையா?”ன்னு முதல்ல அதைச் சொல்லுங்க. விவரம் அப்புறம்.

வேலை சொல்ற இடத்துல இருக்கீங்களா? “புரிஞ்சுதா?”ன்னு கேக்கவே கேக்காதீங்க, “புரிஞ்சுது”ன்னுதான் வரும். “எதுல இருந்து ஆரம்பிக்கப் போறீங்க?”ன்னு கேளுங்க. என்ன புரிஞ்சிருக்குன்னு அந்தப் பதில்லயே தெரிஞ்சிடும்.