நாலு முடிச்சு பாக்கி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சுருக்கமாக முடிப்பது இந்த வணக்கத்தை மட்டும்தான்.

'மனிதருக்கு அழகு உள்வாங்குவதா, தனித்து நிற்பதா?' உள்வாங்குவதே என்ற எங்கள் அணியைப் பார்த்து எதிரணி அம்மையார், "நீங்கள் வெறும் பஞ்சு! பிழிந்தால் ஒன்றும் மிஞ்சாது" என்றார். கைதட்டல் வேறு! அம்மா, பஞ்சின் இடுக்குகளில் தண்ணீர் வாடகைக்குத்தான் இருக்கிறது. பிழிந்தால் காலி செய்துவிடும். அதே பஞ்சை நூற்று, நெய்து, நல்ல சாயத்தில் முக்குங்கள். இழைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிழிந்து பாருங்கள், உங்கள் கைதான் நோகும்.

என் பாட்டி மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். சௌராஷ்டிரக் குடும்பம். துணியைக் கிள்ளி நூலால் இறுக்குவார். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில்.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியது. தாத்தா கத்தினார். "நாலு முடிச்சு பாக்கி" என்றார் பாட்டி. பால் வழிந்து அடுப்பே அணைந்தது. "நாலு முடிச்சு பாக்கி." பூனை வந்தது. சம்பந்தி வீட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, தரையில் கிடந்த பாலைக் குடித்தது. தாத்தா பூனையிடம் சொன்னார்: "மெதுவாகவே குடி. அவளுக்கு இன்னும் நாலு பாக்கி!"

"முடிச்சு சாயத்தை வாங்கவில்லையே, அது எங்கள் கட்சி" என்று எதிரணி துள்ளுகிறது. பொறுங்கள். சுற்றிலும் சாயம் ஏறாவிட்டால் வெள்ளைத் துணியில் வெள்ளைப் புள்ளி யார் கண்ணுக்குத் தெரியும்? பாட்டியும் அப்படித்தான்: வீதியில் தமிழ், வீட்டுக்குள் சௌராஷ்டிரம். தமிழ் மட்டும் என்ன? போர்த்துக்கீசியரிடம் சாவியை வாங்கிக்கொண்டது, பூட்டு நம்முடையது.

அறிவியலும் வேண்டுமாம். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் வரும் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் உண்டு. சூரியனின் வளிமண்டலம் விழுங்கிய ஒளியின் தடங்கள். அதை வைத்தே அங்கே சோடியம் இருக்கிறது என்று 1859இல் சொன்னார் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப். விழுங்கியதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள்! போதும், பாட்டியிடம் வருகிறேன்.

கடைசி மாதங்களில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. முதலில் என் பெயர் போயிற்று, பிறகு தமிழும். மருத்துவமனைக் கட்டிலில், போர்வை ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி, இல்லாத நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன். ஊட்ட அவசரப்படவில்லை, நடுவர் அவர்களே. நாலு முடிச்சு பாக்கி இருந்தது.