உள்ளேயே பிறந்தவர்கள்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஆசிரியர்களும் தேயிலைத் தோட்ட இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாமியாரையோ போதகரையோ சுற்றி, வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் குழுக்கள் எல்லா மதங்களின் பெயராலும் இருக்கின்றன. நான் எந்த மதத்தையும் குறை சொல்ல வரவில்லை. கோயிலுக்கோ சபைக்கோ போகிற குடும்பம் வேறு. யாரைக் கட்டுவது, பிள்ளை பள்ளிக்கூடம் போகலாமா, சம்பளம் யார் கைக்குப் போவது என்று எல்லாவற்றையும் ஒருவரே தீர்மானித்து, கேள்வி கேட்டவரையும் விலகியவரையும் தண்டிக்கிற இடம் வேறு. அப்படியொரு இடத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு வெளியே வந்தவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெரியவரான பிறகு போய்ச் சேர்ந்த ஒருவர் வெளியே வந்தால், திரும்பிப் போக அவருக்கு ஒரு பழைய வாழ்க்கை இருக்கும். பழைய கூட்டாளிமார் இருப்பார்கள், செய்த தொழில் இருக்கும். உள்ளேயே பிறந்த பிள்ளைக்கு அது கிடையாது. அம்மா, அப்பா, பாட்டு, பண்டிகை, கடவுள் எல்லாமே உள்ளேதான். ஆகவே, "அதுல போய் எப்படிச் சேர்ந்த?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை சேரவேயில்லை. 1978 நவம்பரில் கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில், ஒரு போதகரின் குழுவைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் பிள்ளைகள். எந்தப் பிள்ளை விரும்பி அங்கே போனது?

1993இல் அமெரிக்காவின் வேக்கோ என்ற ஊரில் ஒரு மதக் குழுவின் வளாகம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது 21 பிள்ளைகள் வெளியே விடப்பட்டார்கள். அவர்களைக் கவனித்த மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரி, சும்மா இருக்கும்போதுகூட அவர்களுடைய இதயம் நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் துடித்ததைக் கண்டார். சாண்ட்விச்சுக்கு ஜாம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாலே தடுமாறினார்கள். தேர்ந்தெடுத்துப் பழக்கமே இல்லை.

இதை நம் பக்கத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை, தையல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சுடிதார் துணி எடுக்கக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைப் பையன் ஆறேழு துணிகளை விரித்துப் போட்டான். அவள் ஒன்றையும் தொடவில்லை, என் முகத்தையே பார்த்தாள். "எது சரி, அக்கா?" என்றாள். பிடித்ததை எடு என்றேன். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, வெளியே போய்விட்டாள். நானே ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. கொடுக்கவில்லை. அடுத்த முறை போனபோது இரண்டே இரண்டு துணியைக் காட்டச் சொன்னேன். நிறைய நேரம் நின்றாள். அப்புறம் பச்சையை எடுத்தாள்.

நாம் செய்யக்கூடிய உதவிகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்: சின்னச் சின்னத் தீர்மானங்களை அவர்கள் கையிலேயே விடுவது. நம் ஆட்களின் பாசம் அவசரப் பாசம். ஒரு பிள்ளை வெளியே வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒருவர் மந்திரித்து நூல் கட்டக் கூட்டிப்போகிறார், இன்னொருவர் தன்னுடைய சபையில் சாட்சி சொல்ல மேடையேற்றப் பார்க்கிறார். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு கட்டளை. நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. இப்போதைக்கு எந்தச் சாமியும் வேண்டாம் என்று இருக்கிற சுதந்திரமும் அதற்குள் அடங்கும். உள்ளே கற்ற பாட்டை முணுமுணுத்தால், பாடட்டும், விடுங்கள்.

"அவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் முன்னமே வரவில்லை?" என்றும் கேட்கிறார்கள். மலையகத்தில் பிறந்த நமக்கு இது விளங்க வேண்டும். நம் பூட்டன் காலத்தில், கடனைக் கணக்குப் பார்த்து எழுதிய துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. இந்தப் பிள்ளைகளின் கடன் பாவக் கணக்கு. போனால் அம்மாவுக்கு நோய் வரும், உலகம் அழியும்போது நீ வெளியே நிற்பாய் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இடி இடித்தால் வெளியே வந்து பல வருடம் ஆனவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அடுத்தது காகிதம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, காகிதம் இல்லாமல் வாழ்வது என்னவென்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்புப் பதிவே இருக்காது. காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் வழி இருக்கிறது. 15 வயது நிறைந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு நின்றுபோனவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதலாம். ஆசிரியர்களே, அந்தப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். கிராம அலுவலரிடம் போகும்போது கூடப் போங்கள். தகப்பன் பெயர் கேட்கிற கட்டத்தில் அழுகை வந்தால் பேனாவை வைத்துவிட்டு இன்னொரு நாள் எழுதலாம்.

அவர்கள் சொன்ன கதையை மட்டும் வெளியே விடாதீர்கள். ஒட்டிய வரிசை வீடுகளான லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கிறது. காலையில் சொன்னது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கும், வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்துக்கும் போய்விடும், மாலைக்குள் குழுவின் தலைவருக்கும் தெரிந்துவிடும். பயமும் தூக்கமின்மையும் விடாமல் இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். உள்ளே இன்னும் பிள்ளைகள் வதைபடுகிறார்கள் என்று தெரிந்தால் 1929, சிறுவர் உதவி இலக்கம். அங்கே சொல்வது கோள் சொல்வது ஆகாது.

கடைசியாக, உள்ளே இருக்கிற தாய் தகப்பனை வெறுக்கச் சொல்லாதீர்கள். அந்த அம்மாவும் ஒரு காலத்தில் பயந்த பிள்ளைதான். சிலர் ஓரிரு தடவை திரும்பிப் போவார்கள். மறுபடி வரும்போது "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தை வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அம்மா இறந்துவிட்டார், முகம் பார்க்கப் போக வேண்டும் என்றால் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு பேர் கூடப் போங்கள். அங்கே வாக்குவாதம் வேண்டாம், இரவு தங்கவும் வேண்டாம். எவ்வளவு நேரம் இருப்பது, எப்போது கிளம்புவது என்று அந்தப் பிள்ளையிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்பே றோட்டுக்கு வந்துவிடுங்கள்.