ராசிபலன் எழுதி அகதிகளைத் தடுக்கப் பார்த்த அரசு! சரி, நாம் என்ன எழுதலாம்?

வணக்கம் உறவுகளே. ராசிபலனில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

மேஷமோ மீனமோ, உங்கள் ராசி எதுவானாலும் பலன் ஒன்றுதான். படகேறினால் கெட்டது நடக்கும், கடன் தலைக்கு மேல் போகும், பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை எழுதியது சோதிடர் இல்லை, ஆஸ்திரேலிய அரசு! இலங்கையிலிருந்து யாரும் புகலிடம் தேடிப் படகில் வந்துவிடக் கூடாது என்று நம் மக்களுக்காகவே தயாரித்த பிரசாரத்தில் 12 ராசிக்கும் இப்படிப் பலன் போட்டிருந்தார்கள். பிறகு அது ஊடகங்களில் வெளிவந்து உலகம் முழுக்கச் செய்தியானது. அப்புறம் 'ஜீரோ சான்ஸ்' என்ற பெயரில் இங்கே குறும்படப் போட்டியும் நடத்தினார்கள். நம் பிள்ளைகளே கமெராவைத் தூக்கி "போகாதே" என்று படம் எடுக்க வேண்டும், நல்ல படத்துக்குப் பரிசு.

[திரையில்: இந்து சமுத்திர வரைபடம், இலங்கையிலிருந்து கிழக்கே நீளும் கோடு]

பயத்தால் ஆட்கள் நின்றார்களா? 2022 நவம்பரில் 'லேடி ஆர் 3' என்ற கப்பல் நடுக்கடலில் பழுதானது. அதில் 300க்கும் மேற்பட்ட இலங்கையர்கள் இருந்தார்கள். அவர்கள் போக நினைத்தது கனடாவுக்கு, கரையேறியது வியட்நாமில். ஒரு திசையைப் பூதம் காட்டி மூடினால் ஆட்கள் இன்னொரு திசையில் போகிறார்கள்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அகதிக் குடும்பங்களுக்காக இணையத்தில் எழுதுகிற, பேசுகிற எவருக்கும் உண்மையான போட்டியாளர் யார் தெரியுமா? காசு வாங்கிப் படகேற்றும் ஏஜென்சிக்காரர். அவர் இரவு பதினொரு மணிக்கும் போனை எடுக்கிறார். கேட்பவரின் பேச்சுமொழியில் பதில் சொல்கிறார். எவ்வளவு காசு, எந்த நாள், எங்கே நிற்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாதி பொய்யாக இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. நல்ல மனம் கொண்ட நாம் என்ன செய்கிறோம்? "அகதிகளும் மனிதர்களே" என்று அழகான எழுத்தில் பதிவு போடுகிறோம், கீழே இதயம் பறக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு நீர்கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருக்கும் தாய்க்கு அதில் ஒரு வரிகூட உதவாது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 முடிவில் உலகம் முழுக்க வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 123.2 மில்லியன் பேர், அதில் 40 வீதம் பிள்ளைகள். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கைச்சாத்திடவில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மியன்மார் நாடுகளிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மூன்றாவது ஒரு நாடு ஏற்கும்வரை காத்திருப்புத்தான். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு முகாம்களில் பல வருடம் வாழ்ந்து திரும்பி வந்த நம்முடைய குடும்பங்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் தேவையான தகவல் வேறு வேறு. ஆனால் சொல்லும் முறையில் நிறைய ஒற்றுமை இருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

2024 டிசம்பரில் முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கரையோரம் ஒரு படகு ஒதுங்கியது ஞாபகம் இருக்கும். மியன்மாரின் ரோஹிங்யா மக்கள், 100 பேருக்கு மேல், நிறையப் பேர் சிறு பிள்ளைகள். முதலில் கண்டவர்கள் நம் மீனவர்கள். எங்கே போக வந்தீர்கள் என்று கேட்டு விளங்கிக்கொள்ளவே அதிகாரிகளுக்குக் கஷ்டமாக இருந்தது, மொழி தெரியவில்லை. அந்த நேரத்தில் உங்களுக்கு நல்ல எண்ணம் வந்து, ரோஹிங்யா மொழியில் ஒரு பக்கத் தகவல் எழுதிக் கொடுக்க நினைத்தீர்கள் என்று வையுங்கள். எந்த எழுத்தில் எழுதுவீர்கள்?

[திரையில்: ஹனிஃபி எழுத்துகள், வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

இதைப் பாருங்கள், எவ்வளவு அழகு! இது ஹனிஃபி ரோஹிங்யா எழுத்து. 1980களில் உருவானது. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். போன்களும் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் 2018இல்தான் சேர்ந்தது. அதாவது அதுவரை இந்த எழுத்தில் ஒரு சாதாரண குறுஞ்செய்தி அனுப்பக்கூட எல்லாப் போன்களுக்கும் பொதுவான வழி இல்லை. அதற்கு முன்பும் பிறகும் அரபு எழுத்து, உருது எழுத்து, பர்மிய எழுத்து, ஆங்கில எழுத்து என்று ஆளுக்கொரு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பாடசாலைக் கதவே திறக்காத ஊரில் வளர்ந்தவர்களில் பலருக்கு எந்த எழுத்தும் வாசிக்க வராது. ஆனால் அந்த மொழி நன்றாக உயிரோடு இருக்கிறது. தாலாட்டு, சண்டை, வியாபாரம், பிரார்த்தனை எல்லாம் அதில்தான் நடக்கிறது. அது வாயிலும் காதிலும் வாழும் மொழி.

அப்படியானால் செய்ய வேண்டியது பேசுவதுதான். குரல் பதிவு. வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் செய்தி சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதே ஒரு நிமிடம் வீடியோவாக இருந்தால் பல மெகாபைட். இரண்டு நாளைக்கு ஒரு தரம் சின்ன ரீலோட் போடுகிற குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம். குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், பக்கத்து அறைக்கு அனுப்பலாம், சமைத்துக்கொண்டே கேட்கலாம். பாட்டிக்கும் விளங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அகதிக் குடும்பத்தில் மொழியை முதலில் பிடிப்பது பிள்ளைகள். பெற்றோரை விட வேகமாகச் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் அவர்கள் வாயில் வந்துவிடும். அதனால் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை வைத்தியசாலையில் அம்மாவின் உடம்பு உபாதையை டொக்டருக்கு மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்காரர் வாடகை கேட்டுச் சத்தம் போடும்போது நடுவில் நிற்பதும் அவள்தான். நாம் ஒரு தகவலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ மட்டும் போட்டால் அதையும் அவள் தலையில்தான் சுமத்துகிறோம். அம்மாவே நேராகக் கேட்டு விளங்கும் குரல் பதிவு இருந்தால் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரமாவது பிள்ளையாக இருக்கலாம்.

சரி, ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்? முழுதாக எழுதிக் காட்டுகிறேன். ஒரு கேள்வி, ஒரு பதில்.

"வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டுகிறதா? நெஞ்சு வலியா? பிள்ளைக்கு வலிப்பா? போனில் ஒன்று, ஒன்பது, ஒன்பது, பூச்சியம் அழுத்துங்கள். இது சுவசெரிய அம்புலன்ஸ். அழைப்புக்குக் காசு இல்லை, வண்டிக்கும் காசு இல்லை. முதலில் ஊரின் பெயரைச் சொல்லுங்கள். அடுத்து வீதியின் பெயர். அடுத்து பக்கத்தில் இருக்கும் பெரிய கடை அல்லது பள்ளிவாசல் அல்லது தேவாலயம். பிறகு நோயாளியின் வயது. உங்கள் வீட்டு முகவரியை இன்றைக்கே ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும்."

இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட வராது. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு' என்று சொல்லாமல் இலக்கம் இலக்கமாகச் சொன்னதைக் கவனித்தீர்களா? கேட்பவரின் விரல் அழுத்த வேண்டியது இலக்கங்களை. "காசு இல்லை" என்று இரண்டு தரம் சொன்னதும் வேண்டுமென்றுதான். கையில் பணமில்லாதவர் முதலில் பயப்படுவது பில்லுக்கு. சுவசெரிய 2016இல் தொடங்கியது, இந்தியா உதவியது என்ற வரலாறெல்லாம் எனக்குப் பிடிக்கும், ஆனால் மூச்சுத் திணறும் நேரத்தில் யாருக்கும் வேண்டாம். அதனால் வெட்டிவிட்டேன். கடைசியில் கட்டாயம் சேர்க்க வேண்டியது பதிவு செய்த திகதி.

திகதி ஏன் முக்கியம் என்றால், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது புஞ்சி பொரளையில் இருந்தது, இப்போது பத்தரமுல்லையில் சுஹுருபாய என்ற கட்டடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை பதிய வவுனியாவிலிருந்து இரவு பஸ் ஏறி வருகிற ஒரு தகப்பன், யாரோ எப்போதோ எழுதிய பழைய முகவரியை நம்பிப் புஞ்சி பொரளையில் இறங்கினால் ஒரு நாள் கூலியும் ஒரு நாள் லீவும் போய்விடும். இப்படிச் சொல்லுங்கள்: "கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ், பத்தரமுல்லையில் இறங்குங்கள், சுஹுருபாய என்று கேளுங்கள்." கூடவே சட்டத்தையும் ஒரு வரியில். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியில்தான் பிரஜாவுரிமை என்றிருந்த நிலை 2003இல் மாறிவிட்டது, தாய் இலங்கையராக இருந்தாலும் பதியலாம். இது தெரியாமல் கணவரைப் பிரிந்த எத்தனையோ தாய்மார் பேசாமல் இருந்துவிடக்கூடும். அவர்களுக்காகவே தனியாக ஒரு பதிவு செய்தாலும் தகும்.

முகம் காட்டாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த அகதிகளை வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வாரத்தில் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் போய் ஒதுங்கினார்கள். அவர்களும் தங்கள் நாட்டில் இதே மாதிரியான வன்முறைக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்தான். அப்படி ஒரு நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டு வாசல், தெருப் பெயர்ப்பலகை, பிள்ளையின் சீருடைப் பட்டை எதுவும் படத்தில் வரக் கூடாது. "அவர்களே சம்மதித்தார்கள்" என்று சொல்வீர்கள். உதவி கேட்டு வந்தவர் உங்களிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

இளைஞர்களுக்கு என்றால் அவர்கள் தேடுவது பாடமும் பேச்சுத்துணையும். நம் பாடத்திட்டத்துக்கு ஈ-தக்சலாவ இருக்கிறது, கல்வி அமைச்சின் தளம், தமிழிலும் இலவசம். முகாமிலிருந்து திரும்பிய பிள்ளை சாதாரண தரத்துக்குத் தயாராக இது நல்ல துணை. மற்றவர்களுக்கு என்று 2016இல் 'கோர்செரா ஃபோர் ரெஃப்யூஜீஸ்' என்ற இணையப் படிப்புத் திட்டம் தொடங்கியது, இப்போதும் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மனம் உடைந்துபோய் இருப்பவர் அழைக்க வேண்டிய இலக்கம் 1926, பிள்ளைகள் பாதுகாப்புக்கு 1929. இவற்றையும் இதே மாதிரி இலக்கம் இலக்கமாகக் குரலில் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கைப் பதிவும் கட்டாயம் வேண்டும். ஐ.நா. அகதிகள் நிறுவனம், அதாவது யூஎன்எச்சிஆர், பதிவுக்கோ வேறு நாட்டுக்கு அனுப்புவதற்கோ ஒரு சதமும் வாங்குவதில்லை. "பட்டியலில் பெயர் முன்னால் வரும், இவ்வளவு கட்டுங்கள்" என்று எவர் சொன்னாலும் ஏமாற்று. இதை ராசிபலன் பாணியில் பயமுறுத்திச் சொல்ல வேண்டாம். யாரிடம் கேட்டு உறுதிப்படுத்தலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும், மக்கள் தாங்களே முடிவெடுப்பார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புறக்கோட்டையிலோ உருது சரளமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்களுக்காக, நான் வாசித்த 1990 அம்புலன்ஸ் குறிப்பை உருதுவில் உங்கள் குரலில் பேசி அனுப்புங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே வாசிக்காமல், உங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம். பெண் குரல் ஒன்று, ஆண் குரல் ஒன்று இரண்டும் வேண்டும், பெண்கள் சில விஷயங்களைப் பெண் குரலில் கேட்கவே விரும்புவார்கள். ஆப்கானியத் தாரி மொழிக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் கருத்துப் பகுதியில் "தாரி" என்று மட்டும் எழுதுங்கள், நானே தொடர்புகொள்கிறேன்.