கொரியப் பாட்டும் உழக்குக் கணக்கும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, கைக்காசைப் போட்டு டீயும் பிஸ்கெட்டும் வாங்கி இந்த வட்டத்தை நடத்திவரும் செயலாளர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னை ‘இசை ஆராய்ச்சியாளர்’ ஆக்கி மாட்டிவிட்ட தமிழாசிரியை அம்மா அவர்களே, பெஞ்சுக்கு அடியில் செல்போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விடுபட்ட பெரியோர்கள் கோபிக்காமல் அடுத்த கூட்டத்துக்கும் வரவேண்டும்.

கொரிய பாப், சீன பாப், மேல்நாட்டு பாப் மூன்றையும் ஒப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். தாளம், பணம், பிள்ளைகள் என்று மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலில் தாளம். 1992-இல் சோ தேஜி என்ற இளைஞர் இரண்டு தோழர்களோடு கொரியத் தொலைக்காட்சியில் ராப் கலந்து பாடினார். நடுவர்கள் அன்றைக்கு அவருக்குத்தான் ஆகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். நாடு அவர் பாட்டைத்தான் பாடியது. அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1986-இல், பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்க மேடையில் சுய் ஜியான் சீன ராக் இசையைத் தொடங்கிவைத்துவிட்டார். இன்றைய கொரியப் பாட்டு பலவற்றுக்கு மெட்டுப் போடுகிறவர்கள் சுவீடன்காரர்கள். அதனால் காதை மட்டும் வைத்து எது எந்த ஊர்ப் பாட்டு என்று பிரிப்பது லேசில்லை. இதை விரிவாகப் பிறகு சொல்கிறேன்.

பணத்துக்கு வருவோம். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, 1959-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பாட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். அதுதான் மோடவுன். கார் வரிசையாகத் தயாராகி வருவதுபோலப் பாடகர்களும் தயாராகி வரவேண்டும் என்பது அவர் கணக்கு. எப்படி நடப்பது, எப்படி உட்காருவது என்று சொல்லிக்கொடுக்க மாக்சின் பவல் என்ற அம்மையாரையே வேலைக்கு வைத்திருந்தார். கொரியாவில் பிறகு வந்த கம்பெனிகள் இந்த முறையை இன்னும் இறுக்கிவிட்டன. பள்ளிக்கூடம் விட்டதும் பயிற்சி அறை. பாட்டு, ஆட்டம், அந்நிய மொழி. மாதக் கடைசியில் தேர்வு. இப்படிப் பல வருஷம். அரங்கேறிய பிறகும் பல கம்பெனிகளில் பயிற்சிக்கு ஆன செலவைக் கழித்துக்கொண்டுதான் பங்கு கொடுப்பார்கள். எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.

மேல்நாட்டில் மட்டும் மிஞ்சியதா? டிஎல்சி என்று அமெரிக்கப் பாட்டுக்குழு, மூன்று பெண்கள். பாட்டு உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்த 1995-இலேயே திவால் மனு போட்டார்கள். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பதினைந்து வயதில் ஒப்பந்தம் போட்டவர். பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை பிற்பாடு கைமாறிப் போனதால், 2021 முதல் அதே பாட்டுகளைத் திரும்பப் பாடி வெளியிட்டார்.

இப்போது சீனாவுக்கு வருவோம். 2021-இல் அங்கே இணையத்தில் ஒரு போட்டி நிகழ்ச்சி. பாட்டுக்குழுவில் யார் சேரவேண்டும் என்று ரசிகர்கள் வாக்களிக்க வேண்டும். விளம்பரதாரர் ஒரு பால் கம்பெனி. வாக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? பாட்டில் மூடியின் உள்பக்கத்தில்! மூடியைத் திறந்து, அதிலுள்ள கியூஆர் கட்டத்தைச் செல்போனில் காட்டினால் வாக்கு விழும். ஒருத்தன் எத்தனை பாட்டில்தான் குடிப்பான்? பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். மூடி மட்டும் போதும், பால் வேண்டாம். ஆளுக்குக் கூலி கொடுத்து வாய்க்கால் ஓரம் உட்காரவைத்தார்கள். பாட்டிலைத் திறப்பது, மூடியை ஒரு பக்கம் போடுவது, பாலை வாய்க்காலில் கவிழ்ப்பது, அடுத்த பாட்டில்! (சிரிப்பு) சிரிக்காதீர்கள்; நம் ஊரில் கட்-அவுட்டுக்கு மேலே ஏறிக் குடம் குடமாகப் பால் ஊற்றவில்லையா? நாமாவது மூஞ்சியில் ஊற்றினோம், அவர்கள் சாக்கடையில் ஊற்றினார்கள். (கைதட்டல்) உணவை வீணாக்கக் கூடாது என்று சீன அரசு சட்டம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாலைக் கவிழ்க்கும் வீடியோ வெளியே வந்தது. இறுதிச் சுற்றையே நிறுத்திவிட்டார்கள். செப்டம்பரில் அந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கே தடை வந்தது. பால் விற்றவருக்கு விற்ற காசு வந்துவிட்டது. இறுதிச் சுற்றுக்காக ஆடிப்பாடிக் காத்திருந்த பிள்ளைகளுக்கு? மறுபடி அப்பத்தாதான்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் முக்கியமாகச் சொல்ல வந்த மூன்றாவது பகுதி, பிள்ளைகள், இனிமேல்தான்.

கொரியாவில் டிவிஎக்ஸ்கியூ என்ற பாட்டுக்குழுவின் மூன்று பேர், பதிமூன்று வருஷ ஒப்பந்தம் அநியாயம் என்று 2009-இல் நீதிமன்றம் போனார்கள். அதே வருஷம் அரசின் வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து ஏழு வருஷம் என்று வரம்பு கட்டியது. 2014-இல் வந்த சட்டம், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட கலைஞரிடம் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பொதுவாக இரவு பத்து மணிக்கு மேல் வாங்கவே கூடாது என்கிறது. பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக்குழுவின் பேரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காரும் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் விதி உண்டு. 2017 குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகளின்படி, குழந்தைக் கலைஞரை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் 20 சதவீதமாவது அந்தப் பிள்ளை பேரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடவேண்டும். டிவியில் பாடப் போகும் பிள்ளைகளின் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ‘சான்ஸ் கிடைச்சதே பெரிசு சார்’ என்று எனக்கே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விதிகளை ஒரு தாளில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பள்ளியிலும், பாட்டு வகுப்பிலும் ஒட்டவேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறோம். நகர்மன்ற உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடை ஏறும்போதே சொன்னார். இவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டேன், இனி மாற்றமாட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனா செயலாளரிடம். தாளத்தைப் பற்றி அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.