அடிக்காமல் விட்ட பந்து

நேயர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட் வர்ணனை கேட்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பந்து காலுக்கு வெளியே விலகிப் போகிறது. ஆட்டக்காரர் மட்டையை ஒதுக்கிக்கொண்டு சும்மா விட்டுவிடுகிறார். நடுவர் இரண்டு கையையும் விரிக்கிறார். வைடு. அணிக்கு ஒரு ரன். அந்த ரன் யார் பெயரில் ஏறுகிறது? விட்டவர் பெயரில் இல்லை. உதிரிகள் என்று ஸ்கோர் அட்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

விட வேண்டிய பந்தை விட்டது அவர்தானே? ஆசைப்பட்டு மட்டையை நீட்டியிருந்தால் கேட்ச் போயிருக்கலாமே? கல்லூரியில் முப்பது வருடம் புள்ளியியல் நடத்தினேன். அந்த முப்பது வருடமும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிரிக்கெட்டில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இதே பழக்கம் இன்னொரு விளையாட்டுக்குக் குடிபோனது. அங்கே நூறு வருடத்துக்கு மேல், நல்ல ஆட்டக்காரர்கள் பலர் மலிவு விலைக்குப் போனார்கள். அந்த மலிவைக் கண்டுபிடித்த ஒரு ஏழை அணியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். விளையாட்டு பேஸ்பால். ஊர், கலிபோர்னியாவில் உள்ள ஓக்லாந்து. வருடம் 2002.

பேஸ்பால் பார்த்ததே இல்லை என்பவர்களும் தயங்க வேண்டாம். அங்கே ஓவர் கணக்கு கிடையாது. ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸ், ஆக மொத்தம் 27 அவுட். அந்த 27 தீரும்வரை எவ்வளவு நேரமானாலும் ஆடிக்கொண்டே இருக்கலாம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்: அவுட்தான் அந்த அணியின் கையிருப்புப் பணம். நம் இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்தைச் சும்மா விட்டால் ஒரு பந்து போச்சு. பேஸ்பாலில் கெட்ட பந்தை விட்டால் எதுவும் போகாது. எறிபவருக்குத்தான் கை வலிக்கும்.

ஆட்டக்காரர் முன்னால் தரையில் 17 அங்குல அகலத்தில் ஒரு தட்டு பதித்திருக்கும். அதற்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பந்து வரவேண்டும். அப்படி வராத பந்து நான்கு ஆகிவிட்டால், ஆட்டக்காரர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். பேஸ் என்றால் ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுச் சுற்றி வரவேண்டிய நிலைகள். அதற்குப் பெயரே 'வாக்'தான். ஓட வேண்டாம், அடிக்க வேண்டாம். நிற்கத் தெரிந்தால் போதும். ஆனால் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை அங்குலம் வெளியே போகும் என்று கண்டுகொண்டு நிற்பது லேசுப்பட்ட காரியமா?

இந்த நடைக்கு மதிப்பில்லாமல் போனது எப்படி என்று பாருங்கள். ஹென்றி சாட்விக் என்று ஒரு பத்திரிகையாளர். 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்குப் போனவர். முதலில் கிரிக்கெட் செய்தி எழுதியவர். பேஸ்பாலுக்கு ஸ்கோர் அட்டை ஏற்படுத்தித் தந்ததில் அவர் பங்கு பெரியது. கிரிக்கெட் கண்ணோடு பார்த்ததால் அவருக்கு 'வாக்' என்பது எறிபவரின் தவறு, அவ்வளவுதான். வைடு மாதிரி. ஆட்டக்காரருக்கு அதில் என்ன பெருமை? அடித்தால்தான் கணக்கு. இப்படியே, அடியை மட்டும் எண்ணும் பேட்டிங் சராசரி நிலைத்துவிட்டது. நடுவில் 1887-ல், அந்த ஒரே ஒரு வருடம், நடையையும் அடியாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மறுவருடமே எடுத்துவிட்டார்கள். நூறு முறை மட்டையோடு போனால் எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸில் நிற்கிறார் என்ற விகிதம், பெரிய லீக்கின், அதாவது அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் போட்டியின், அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியதே 1984-ல்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை. தலைமுறை தலைமுறையாக எத்தனை பொறுமைசாலிகள் 'சராசரி போதாது' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்!

கன்சாஸில் பீன்ஸ் டப்பா தொழிற்சாலை ஒன்றில் பில் ஜேம்ஸ் என்று ஒரு இரவுக் காவலாளி இருந்தார். ராத்திரி முழுக்க ஸ்கோர் அட்டைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். 1977-ல் அவரே அச்சிட்டு விற்ற முதல் தொகுப்பு 75 பிரதிதான் போனது. 75 பேர்! அந்தக் கணக்குகளைப் பின்னாளில் கருத்தாகப் படித்தவர்தான் ஓக்லாந்து அணியின் பொது மேலாளர் பில்லி பீன்.

பீன் சாதாரண மேலாளர் இல்லை. 1980-ல் நியூயார்க் மெட்ஸ் அணி, புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே அள்ளிக்கொண்டு போன பையன். உயரம், வேகம், தோற்றம் எல்லாம் பொருந்திய பிள்ளை. தேர்வாளர்கள் பார்த்தவுடன் மயங்கினார்கள். கையில் 1,25,000 டாலர் கொடுத்தார்கள். கடைசியில் பெரிய லீக்கில் 148 ஆட்டம், மூன்றே ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிய அடி. 1990-ல் ஆட்டத்தை விட்டுவிட்டு, எனக்குத் தேர்வாளர் வேலை கொடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணால் பார்த்து ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதை அவரைவிட அனுபவித்தவர் யார்?

2001-ல் அணி 102 ஆட்டம் வென்றது. சீசன் முடிந்ததும் மூன்று தூண்கள் சாய்ந்தன. ஜேசன் ஜியாம்பியை நியூயார்க்கின் பணக்கார அணியான யாங்கீஸ் ஏழு வருடத்துக்கு 12 கோடி டாலர் கொடுத்துத் தூக்கியது. ஜானி டேமன் பாஸ்டனுக்கு, இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிஸுக்கு. யாங்கீஸின் மொத்தச் சம்பளப் பட்டியல் 12 கோடி டாலரைத் தாண்டும். ஓக்லாந்திடம் இருந்தது நாலு கோடி சொச்சம். ஜியாம்பி நூறு முறை போனால் நாற்பத்தேழு முறைக்கு மேல் பேஸில் நிற்பவர். அப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவது? பீனும், ஹார்வர்டில் பொருளாதாரம் படித்த அவருடைய உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும், தேடவே இல்லை. போனவர்கள் சேர்ந்து கொடுத்த, பேஸில் நிற்கும் விகிதத்தை, யாரும் சீந்தாத இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஈடுகட்டப் பார்த்தார்கள். ஒரு பெரிய பாத்திரம் வாங்கக் காசில்லையென்றால் மூன்று சின்னப் பாத்திரத்தில் சமைப்பதில்லையா, அப்படி.

அவர்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டபர்க். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. பாஸ்டனில் கேட்சராக, அதாவது தட்டுக்குப் பின்னால் குந்தி பந்து பிடிப்பவராக இருந்தவர். வலது முழங்கையில் நரம்பு கெட்டுவிட்டது. கேட்சருக்கு எறியும் கைதான் சோறு போடும் கை. பாஸ்டன் கைகழுவியது. கொலராடோ வாங்கி, ஒப்பந்தம் தராமலே விட்டது. அந்தக் கணமே ஓக்லாந்திலிருந்து தொலைபேசி. பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த சம்பளம். கேட்சராக வேண்டாம், முதல் பேஸில் நில்லுங்கள் என்றார்கள். வாழ்நாளில் அவர் அங்கே நின்றதில்லை. அந்தக் குளிர்காலத்தில் குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து டென்னிஸ் மைதானத்துக்குப் போவார். மனைவி தரையோடு பந்தை அடித்துவிட, அவர் குனிந்து குனிந்து பொறுக்கிப் பழகுவார். பிறகு ரான் வாஷிங்டன் என்ற பயிற்சியாளர் பாடம் எடுத்தார். இத்தனை பாடும் எதற்கு? கெட்ட பந்தை விடத் தெரிந்த ஒருவரை வரிசையில் வைத்துக்கொள்ளத்தான். 27 அவுட்டை வீணாக்காத ஒருவர்!

ஆகஸ்ட் 13-ல் தொடங்கி அணி வரிசையாக வெல்ல ஆரம்பித்தது. பத்தொன்பது ஆட்டம். செப்டம்பர் 4 இரவு, கேன்சஸ் சிட்டியோடு இருபதாவது. அரங்கில் 55,000-க்கு மேல் கூட்டம். மூன்று இன்னிங்ஸ் முடிவதற்குள் ஓக்லாந்து 11-0 என்று முன்னிலை. இனி என்ன, வீட்டுக்குக் கிளம்பலாம் என்று தோன்றுமே! நான்காவது இன்னிங்ஸில் எதிரணிக்கு ஐந்து. எட்டாவதில் இன்னொரு ஐந்து. ஒன்பதாவதில், இரண்டு அவுட் ஆன பிறகு, ஒன்று. 11-11. அரங்கமே வாயடைத்துப் போயிற்று.

ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாவது பாதி, ஓக்லாந்து மட்டை பிடிக்கும் முறை. ஒரு அவுட் போயிருந்தது. அன்று முழுக்க வெளியே உட்கார்ந்திருந்த ஹாட்டபர்க்கை மாற்று ஆட்டக்காரராக அனுப்புகிறார்கள். எறிபவர் கிரிம்ஸ்லி. முதல் பந்து. நேயர்களே, அந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்வோம்? கண்ணை மூடிக்கொண்டு வீசுவோம். அவர் விட்டார். கெட்ட பந்து, விட்டார். அடுத்தது உயரத்தில் வேகமாக வந்தது. அதை அடித்தார். வலது மையத்தில் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. 12-11. இருபதாவது வெற்றி. பெரிய லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அதுவரை யாரும் தொடர்ந்து இருபது வென்றதில்லை. எல்லோரும் அந்த இரண்டாவது பந்தைப் பேசுகிறார்கள். நான் எப்போதும் முதல் பந்தைத்தான் சொல்வேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நண்பர் கைகாட்டுகிறார், மூன்று நிமிடம்தான் பாக்கி. இன்னும் நிறைய எழுதி வந்திருந்தேன். கை மண்ணில் உரசுகிற அளவுக்குத் தாழ்ந்து எறியும் சாட் பிராட்ஃபர்டைப் பற்றி ஒரு பக்கமே இருக்கிறது. அதை விடுகிறேன். ஆனால் இன்னொன்றை விட்டால் நியாயமில்லை.

அந்த வருடம் ஓக்லாந்து 103 ஆட்டம் வென்றது. யாங்கீஸும் 103 தான். ஆனால் அதில் 57 வெற்றி ஹட்சன், மல்டர், ஜீட்டோ என்ற மூன்று இளம் எறிவீரர்களின் பெயரில் இருக்கிறது. ஆட்டக்காரர் பெரிய லீக்குக்கு வந்து ஆறு வருடம் ஆகும்வரை வேறு அணியோடு விலைபேச முடியாது என்பது அங்கே விதி. அந்த மூவரும், அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் தேஹாடாவும், அதனால்தான் மலிவாகக் கிடைத்தார்கள். நடையின் புகழைப் பாடும்போது இவர்களை மறக்கக் கூடாது. அப்புறம், 2000 முதல் 2003 வரை நான்கு வருடமும், சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே, ஐந்து ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள். 162 ஆட்டத்தில் கணக்கு தன் உருவத்தைக் காட்டும். ஐந்து ஆட்டத்தில் அதற்கு நேரமில்லை.

ரகசியமும் நிலைக்கவில்லை. 2002 கடைசியில் பாஸ்டன் பில் ஜேம்ஸை வேலைக்கு எடுத்தது. 2004-ல், 86 வருடம் கழித்து, கோப்பை வென்றது. ஹேக்ஸ், சவர் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் சம்பளங்களை அலசிப் பார்த்தார்கள். அந்த 2004-க்குள் பேஸில் நிற்கும் திறமைக்குச் சந்தையில் சரியான விலை வந்துவிட்டது என்று கண்டார்கள். மலிவு தீர்ந்துவிட்டது. ஓக்லாந்து வேறு எதையாவது தேட வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பர் 26-ல் அந்த அரங்கில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு அணி ஊரையே விட்டுப் போயிற்று. அதற்கான காரணங்களுக்கு இன்னொரு நாள் வேண்டும்.

இருபதாவது ஆட்டத்தை வானொலியில் சொன்னவர் பில் கிங். 1981 முதல் 2005 வரை அந்த அணியின் குரல் அவர்தான். அவருடைய வர்ணனைப் பதிவுகள் கிடைத்தால் கேளுங்கள். கேட்கும்போது, பந்தை ஒருவர் சும்மா விடுகிற இடங்களில் காதைக் கொஞ்சம் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.