வானிலிருந்து மண்ணின் ஈரம் அளப்பது

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து ஈரம் சொல்வது நமக்குப் பழக்கம். இதையே சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோளின் நுண்ணலை ரேடார் செய்கிறது.

டைஎலக்ட்ரிக் மாறிலி என்று ஒன்று உண்டு; மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு அது. காய்ந்த மண்ணுக்கு அது 3, 4 அளவில்தான், தண்ணீருக்கு 80. மண்ணில் ஈரம் ஏற ஏற, ரேடார் அலை கூடுதலாகத் திரும்பி வரும். மேகம் தடையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் வானம் மூடிக் கிடக்கும்போது இதைவிட்டால் வேறு கண் இல்லை.

ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். பயிர் அடர்ந்துவிட்டால் இலையிலேயே சிதறிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளின் எல் பட்டை (நீள அலை வகை) அலையின் நீளம் 24 சென்டிமீட்டர். வேர்க்கடலைச் செடியைத் தாண்டி மண்ணைத் தொடும். ஆனால் அதுவும் சொல்வது மேல் 5 சென்டிமீட்டர் ஈரத்தைத்தான். வேர்ப்பகுதியின் நிலையைக் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும். அதனால் படத்தில் மண் காய்ந்திருப்பதாகத் தெரிந்தவுடன் மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. நடவு முடிந்து தண்ணீர் கட்டிய நெல்வயல், கண்ணாடி போல அலையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்; படத்தில் கறுப்பாக வரும், வறண்ட நிலம் என்று கணக்காகிவிடும். கட்டி கட்டியாக உழுது போட்ட காய்ந்த நிலமோ பளிச்சென்று தெரிந்து, ஈரம் போலக் காட்டும். நெல்வயலைக் கணக்கிலிருந்து முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

ஆகவே தரையில் சரிபார்க்காத எண்ணை நான் நம்பமாட்டேன். செயற்கைக்கோள் கடக்கும் அதே நாளில், அதே வேளையை ஒட்டி மண் எடுக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் உயரம், 100 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரும்பு வளையத்தை மண்ணில் நேராக இறக்குங்கள். சாய்ந்தால் மண் இறுகி, அளவு கெடும். வயலுக்கு ஐந்தாறு இடமாவது வேண்டும். உடனே எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். ஈரமண் 172 கிராம், உலர்ந்தது 150 கிராம் என்றால் தண்ணீர் 22 கிராம். 100 கன சென்டிமீட்டரில் 22, அதாவது கனஅளவில் 22 சதவீதம். பலர் 22-ஐ 150-ஆல் வகுத்து 14.7 என்று எழுதிவிடுகிறார்கள். அது எடைக் கணக்கு. செயற்கைக்கோள் தருவது கனஅளவுக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டு, கருவி தப்பு என்கிறார்கள்.

வயலிலேயே எடை போட முடியாவிட்டால், மண் டப்பாவின் மூடி விளிம்பில் டேப் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் திறந்து கிடந்தால், ஆய்வகம் வந்து சேரும் முன்பே ஈரத்தில் ஒரு பங்கு போய்விடும்.