டூரின் துணி 14-ஆம் நூற்றாண்டுன்னா, உயிர்த்தெழுதல் பொய்யா?

சகோதரர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "இயேசுவை அடக்கம் பண்ணின துணின்னு இத்தாலியில டூரின் நகரத்துல வச்சிருக்கிறதை கார்பன் டேட்டிங் பண்ணி, பிற்காலத்துத் துணின்னு சொல்லிட்டாங்களே. அப்போ உயிர்த்தெழுதலையும் அறிவியல் பொய்யாக்கிடுச்சா?"

முதல்ல அந்தச் சோதனையில என்ன செஞ்சாங்கன்னு பார்த்துடுவோம். 1988 ஏப்ரல்ல துணியோட ஒரு மூலையில சின்னதா வெட்டி, ஆக்ஸ்ஃபோர்ட், சூரிச், அரிசோனா ஆய்வகங்களுக்குத் தலா சுமார் 50 மில்லிகிராம் குடுத்தாங்க. துண்டை அழுக்கு போகக் கழுவி, எரிச்சு, வர்ற கரியமில வாயுவை கிராஃபைட்டா மாத்தி, கார்பன்-14 எவ்வளவு மிச்சம்னு எண்ணினாங்க. செடி உயிரோட இருக்கும்போது காத்துலேர்ந்து எடுத்துக்கிற ஒரு வகை கார்பன் இது, அறுத்ததுக்கு அப்புறம் மெல்லச் சிதைஞ்சுக்கிட்டே வரும். அது 5,730 வருஷத்துல பாதியாக் குறையும். இயேசு காலத்துத் துணின்னா ஆரம்பத்துல இருந்ததுல 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கணும். இதுல சுமார் 92 இருந்துச்சு. அதான் கி.பி. 1260-லிருந்து 1390-க்குள்ளன்னு முடிவு வந்துச்சு.

நம்மாளுங்க சிலர் உடனே, "மெழுகும் புகையும் படிஞ்சு கணக்கைக் கெடுத்துடுச்சு"ம்பாங்க. வயசு அவ்வளவு மாறணும்னா அந்தத் துண்டுல இருந்த கார்பன்ல பாதிக்கு மேல பிற்காலத்துக் கார்பனா இருக்கணுங்க. கழுவினதுக்கு அப்புறமும் அவ்வளவு எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்? மூணு துண்டும் ஒரே மூலையில எடுத்ததுங்கிறது நியாயமான ஆட்சேபணைதான். ஆனா அதை வச்சு இது முதல் நூற்றாண்டுத் துணின்னு சொல்லிட முடியாது. விசுவாசத்தைக் காப்பாத்தணும்னு தப்பான வாதத்தைப் பிடிச்சுக்காதீங்க, தயவுசெஞ்சு.

இப்போ உயிர்த்தெழுதலுக்கு வருவோம். அந்தக் கருவி சொல்றது ஒண்ணுதான், இந்த நூலுக்கான ஆளிச்செடியை எப்போ அறுத்தாங்கங்கிறது. மூணாம் நாள் கல்லறை ஏன் காலியா இருந்துச்சுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. ஆய்வகத்துல பார்க்கணும்னா ஒரு காரியம் திரும்பத் திரும்ப நடக்கணும், இல்லேன்னா அளக்குற மாதிரி தடயம் ஏதாவது மிஞ்சணும். ஒரே தடவை நடந்ததுக்கு சாட்சிகளைத்தான் விசாரிக்கணும், கோர்ட்டுல செய்யற மாதிரி. 1 கொரிந்தியர் 15-ல பவுல் அதைத்தான் செய்யறார். கேபா (அதாவது பேதுரு), பன்னிரண்டு சீஷர்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபுன்னு வரிசையாச் சொல்லி, அந்த ஐந்நூறு பேர்ல பெரும்பாலானவங்க இன்னும் உயிரோட இருக்காங்கங்கிறார். அதாவது, போய்க் கேட்டுக்கலாம். சிலுவைக்கு அப்புறம் சுமார் 25 வருஷத்துல எழுதின நிருபம் அது. அந்தச் சாட்சியை எவ்வளவு வேணும்னாலும் குறுக்கு விசாரணை பண்ணுங்க. அந்தப் பட்டியல்ல துணி எங்கேயும் இல்லை.

இந்தத் துணியைக் காட்டி யாருக்காவது சுவிசேஷம் சொல்லியிருந்தீங்கன்னா, அவங்களைக் கூப்பிட்டு அதை மட்டும் திருத்திச் சொல்லிடுங்க.